சீமோன் எடுத்த பெர்மிற்

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ரொறன்ரோ மோர்னிங்சைட்டில் றொய்சனின் வீட்டுக்குப் போய் ஒருமுறை தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பேசட்டும். இது அவனுக்கு நடந்தது. 1996இல், பட்டப்பகலில் நடந்தது.

றொய்சனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் பகல் வேலை. மனைவி நிரோஷினிக்கு வயோதிபர் இல்லத்தில் இரவு வேலை. கலியாணம் முடிந்து ஒன்றரை வருடம். பிள்ளை இல்லை, கடன் இல்லை, சண்டை இல்லை. ஆனால் அந்த இரண்டு அறை வீட்டில் மூன்றாவதாக ஒருவன் இருந்தான்.

சீமோன்.

சீமோன் றொய்சனின் பழைய அறைத்தோழன். நிரோஷினியைக் கலியாணத்துக்கு நிச்சயித்து மோதிரம் மாற்றியவன். ஒட்டாவா ஆற்றில் றப்பர் வள்ளம் விடப் பழகி, அந்தப் பைத்தியம் தலைக்கேறித் திரிந்தவன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்துக்குள்ளால் ஓடுகிற ஒரு சிவப்பு ஆற்றில் நிரோஷினியைக் கூட்டிக்கொண்டு போவேன் என்பதுதான் அவன் கதை, எப்போதும். அந்த ஆற்றில் நினைத்தவன் நினைத்தபடி இறங்க முடியாது. பெர்மிற் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். தை மாதம் விண்ணப்பப் போம் அனுப்பினால் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். சீமோனுக்கு ஒரு வருடமும் விழவில்லை. 1993 மாசியில் 401 நெடுஞ்சாலைப் பனியில் அவன் கார் புரண்டது. அதோடு அவனும் முடிந்தான், அந்தக் கதையும் முடிந்தது.

முடிந்தது என்றுதான் றொய்சன் நினைத்தான். கலியாணம் முடிந்த கையோடு, அந்தப் பேரை இனி இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்றும் நிரோஷினிக்குச் சொல்லியிருந்தான்.

சீமோனால் முடியாததைத் தான் செய்துகாட்ட வேண்டும் என்பது அவனுக்கு ஒரு வெறி. அந்த ஆற்றில், தன் பெயரில் எடுத்த பெர்மிற்றில், தான் துடுப்புப் போட, முன்னால் நிரோஷினி இருக்க வேண்டும். பிறகு அவள் யாரை நினைப்பாள் என்று பார்க்கலாம். பெர்மிற் கொடுக்கிற அலுவலகமான ஆற்றுக் கந்தோரின் சட்டமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நெருப்பு மூட்டத் தகரத்தட்டு கொண்டுபோக வேண்டும். கக்கூசுக்குப் பெட்டி கொண்டுபோய், நிரம்பியதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய சட்டம் ஒன்று. பெர்மிற் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த ஆள் வந்தே ஆகவேண்டும். அவர் இல்லாமல் வள்ளம் தண்ணீரில் இறங்காது.

ஆளுக்கொரு போம்தான் அனுப்பலாம் என்றதும், நம் ஆட்கள் செய்வதையே றொய்சனும் செய்தான். சொந்தபந்தம் எல்லோர் பெயரிலும் போட்டான். வள்ளம் இரவல் தருகிற றொபேட்டின் பெயரில் ஒன்று. அறுபது தாண்டிய மக்டலீன் அன்ரியின் பெயரிலும் ஒன்று.

"தம்பி, எனக்கு விழுந்தால் நானோ தலைவி?" என்று அன்ரி கேட்டா.

"ஓம் அன்ரி. நீங்கள்தான் முன்னுக்கு இருக்க வேணும்."

"அப்ப சீலையோடை வாறன். ஆத்துக்கும் ஒரு மரியாதை வேணுமெல்லே."

எல்லோரும் சிரித்தார்கள். நிரோஷினியும் சிரித்தாள். சிரித்த வாயோடு சொன்னாள்: "அவர் இருந்திருந்தால் உங்களையும் ஏத்திக்கொண்டுதான் போயிருப்பார், அன்ரி."

றொய்சனுக்கு வாயில் வைத்த றோல்ஸ் கசந்தது.

எட்டுப் போம் போனது. மாசியில் எட்டும் 'இல்லை' என்று திரும்பி வந்தது.

அதே மாசியில் சீமோன் இறந்த ஆண்டு நினைவு நாள் வந்தது. வருடாவருடம் நிரோஷினி அவனுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுப்பாள். இந்த முறையும் பெயர் கொடுத்திருந்தாள். றொய்சன் அவளுக்குச் சொல்லாமல் கோயிலுக்குப் போன் எடுத்தான். "அந்தப் பேர் இனித் தேவையில்லை, பாதர். வெட்டிவிடுங்கோ."

ஞாயிறு பூசையில் பாதர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்தார். நிரோஷினி தலை குனிந்து காத்திருந்தாள். கடைசிப் பெயரும் வாசித்தாயிற்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. காரில் வரும்போதும் கேட்கவில்லை.

றொய்சனுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி.

அடுத்த நாளிலிருந்துதான் ஆரம்பமானது.

பெர்மிற் கிடைத்தவர்கள் யாராவது விட்டுக்கொடுத்தால் அந்தத் திகதியைப் போனில் பிடிக்கலாம். கந்தோர் அங்கே காலை எட்டுக்குத் திறக்கும். ரொறன்ரோவில் அப்போது பத்து மணி. றொய்சன் வேலையிடத்து இடைவேளையில், சுவரில் இருந்த போனில் அடித்துப் பார்ப்பான். 'டொட்… டொட்… டொட்…' லைன் பிஸி. சரியென்று வீட்டுக்கு அடிப்பான்.

'டொட்… டொட்… டொட்…'

வீடும் பிஸி.

ஒருநாள் என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் பத்து மணிக்கு. பத்தே முக்கால்வரை.

"ஆரோடை இவ்வளவு நேரம் கதைச்சனீர்?" என்று கேட்டான்.

"நானோ? காலமை ஏழு மணிக்கு வந்து படுத்தனான். நீங்கள் வந்துதானே எழுப்பினனீங்கள்."

"அப்ப போன் தானாக் கதைக்குதோ?"

"அதை நீங்கள் போனிட்டைக் கேளுங்கோ," என்று அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்தாள்.

றொய்சனுக்கு அன்றிலிருந்து நித்திரை போனது. யார் அவன்? வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவனா? றொபேட்டா? வள்ளத்தை இவ்வளவு தாராளமாகத் தருகிறானே, ஏன்? கண்ணில் பட்ட ஆம்பிளை எல்லோரையும் சந்தேகித்தான்.

ஒரு பின்னேரம் குளியல் தொட்டியைக் கழுவினான். தொட்டியின் அடியில் மணல். பொடிப்பொடியாக, செங்கல் நிறத்தில். வெளியே மூன்றடிப் பனி கிடக்கிறது. மணல் எங்கிருந்து?

இன்னொரு நாள் போனின் மறுமொழி மெசினில் ஒரு பதிவு. பேச்சில்லை. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும். சள… சள… சள… நிரோஷினி அதைக் கேட்டாள். அழித்துவிடுங்கோ என்று சொல்லவில்லை. இன்னொருமுறை போட்டுக் கேட்டாள். முகத்தில் ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பை றொய்சன் தன் கலியாணப் படத்தில்கூடக் கண்டதில்லை.

பொறுக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு காலையில் வேலையில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்குப் பறந்தான். கதவை மெல்லத் திறந்தான். சப்பாத்தைக் கழற்றினான். குசினியில் யாருமில்லை. படுக்கையறைக்குள் எட்டிப் பார்த்தான். நிரோஷினி போர்வைக்குள், அடித்துப்போட்டதுபோல நித்திரை.

குசினிச் சுவரில் போன். றிசீவர் அதன் இடத்தில்தான் இருந்தது.

ஆனால் அதன் சுருள்வயர் ஆடிக்கொண்டிருந்தது.

மெல்ல… மெல்ல… நின்றது.

றிசீவரை எடுத்தான். சில்லென்று ஈரம்.

கடைசியாக அடித்த இலக்கம் எதுவென்று பார்த்தால் ஆள் அகப்படுவான். 'றீடயல்' பொத்தானை அழுத்தினான். மறுமுனையில் மணி அடித்தது. ஒருமுறை. இருமுறை.

ஒரு வெள்ளைக்காரப் பெண் எடுத்தாள். ஆற்றுக் கந்தோர்.

"ரொறன்ரோ இலக்கம். சீமோன்தானே? இப்போதுதானே வைத்தீர்கள். ஏதாவது மறந்துவிட்டீர்களா?"

றொய்சன் றிசீவரைக் காதோடு அழுத்தினான்.

அவள் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். "இத்தனை நாள் விடாமல் அடித்தீர்கள், கிடைத்துவிட்டது பாருங்கள். மே பதினெட்டு. இன்றைக்குத்தான் உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது. மற்ற நாளெல்லாம் பின்னால் ஒரே தண்ணீர்ச் சத்தம்."

"எத்தனை… எத்தனை பேர்?"

"நீங்கள் சொன்ன மாதிரியே மாற்றிவிட்டேன். மூன்றாவது பெயரை வெட்டியாயிற்று. றொய்சன் வரவில்லை. நீங்களும் நிரோஷினியும் மட்டும்."

றொய்சன் கத்தினான்.

"அதை நிப்பாட்டுங்கள். நான் சீமோன் இல்லை. சீமோன் செத்து மூன்று வருடம்."

மறுமுனையில் குரல் கடுமையாக வந்தது. "இந்த விளையாட்டெல்லாம் என்னிடம் வேண்டாம். பெர்மிற் உள்ளவரைத் தவிர வேறு யாருடனும் நான் பேச முடியாது."

டக்.

றொய்சன் அறைக்குள் ஓடினான். அவளைத் தோளில் பிடித்து உலுக்கினான். "எவன் சீமோன் எண்டு பேர் சொல்லிக்கொண்டு கதைக்கிறான்? சொல்லும்."

நிரோஷினி கண்ணைத் திறந்தாள்.

"அந்தப் பேரை இந்த வீட்டிலை எடுக்கக் கூடாதெண்டு சொன்னது நீங்கள்," என்றாள். "இப்ப நீங்கள்தானே எடுக்கிறியள்."

மே பதினெட்டு. சனிக்கிழமை.

றொய்சன் கதவைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பையில் போட்டான். போன் வயரைப் பிடுங்கினான். செற்றியில் நிரோஷினியின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். வேறு யாரும் அந்தக் கையைத் தொடக்கூடாது.

"என்னப்பா உங்களுக்கு? கையை விடுங்கோ, சமைக்க வேணும்."

"இண்டைக்குச் சமைக்க வேண்டாம். இதிலை இரும்."

பத்து மணி.

அவள் கொட்டாவி விட்டாள். அவன் தோளில் சாய்ந்தாள். நித்திரை.

"நிரோ."

உலுக்கினான். கன்னத்தில் தட்டினான். மூச்சு சீராக வந்தது. கண் திறக்கவில்லை.

அவள் கை குளிர்ந்துகொண்டே போனது.

தலைமயிர் நுனியிலிருந்து ஒரு துளி விழுந்தது. அவன் மணிக்கட்டில்.

இன்னொன்று…

சள… சள… சள…

போன் வயர் நிலத்தில்தான் கிடந்தது. சத்தம் போனிலிருந்து வரவில்லை.

அவளுடைய மூச்சுக்குள்ளிருந்து வந்தது.

அவன் கையை விடவில்லை. இருட்டும்வரை விடவில்லை.

இருட்டியதும் அவள் எழும்பினாள். "நல்லா நித்திரை கொண்டிட்டன்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்ச் சோறு வைத்தாள். அவ்வளவுதான். அடுத்த நாளும் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாளும் ஒன்றுமில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். கொஞ்சம் கதை குறைந்திருந்தது. அந்தச் சிரிப்பும் இல்லை. றொய்சனுக்கு மெல்ல மெல்ல உயிர் வந்தது. வென்றுவிட்டேன், அவன் வரவில்லை, அவனால் கொண்டுபோக முடியவில்லை.

அதைக் காதால் கேட்க ஆசைப்பட்டான். அங்கேதான் பிழைவிட்டான்.

பத்து நாள் கழித்து, அவள் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது, படுக்கையறையில் புதிதாகப் பூட்டியிருந்த போனில் ஆற்றுக் கந்தோருக்கு அடித்தான். அதே பெண். பெயர் சொல்லாமல் கேட்டான்: பதினெட்டாம் திகதி, சீமோன் என்ற பெயரில் எடுத்த பெர்மிற். யாரும் வரவில்லைத்தானே?

"வந்தார்களே," என்றாள் அவள். குரலில் பழைய உற்சாகம் இல்லை. "இரண்டு பேரும் வந்தார்கள். காவலாளி ஆளடையாளம் பார்த்துத்தான் இறக்கினார். அந்தப் பெண் வாய் ஓயாமல் சிரித்துக்கொண்டிருந்தாளாம். 'இவர் என்ர புருசன்' என்று சொன்னாளாம்."

றொய்சன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐந்தாம் நாள் கரையேற வேண்டும். ஏறவில்லை. வள்ளம் கரையில் ஒழுங்காகக் கட்டிக் கிடந்தது. இரண்டு உயிர்காப்புச் சட்டையும் காயப்போட்டிருந்தது. ஆட்கள் இல்லை. மணலில் காலடியும் இல்லை. நேற்றோடு தேடுவதை நிறுத்திவிட்டோம். அந்தப் பெண்ணின் வீட்டாரைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். நீங்கள் யார்? நிரோஷினிக்கு நீங்கள் என்ன முறை?"

குசினியில் கரண்டி கோப்பையில் தட்டுப்படும் சத்தம் நின்றது.

"இஞ்சாருங்கோ," என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஆர் போனிலை?"

றொய்சன் வாயைத் திறந்தான். 'நான் அவளின் புருசன்.' ஒன்றரை வருடமாக உலகம் முழுக்கக் கேட்கச் சொல்ல நினைத்த ஒரே வசனம். ஆனால் அதை இப்போது இந்தப் போனில் சொன்னால், தன் மனைவி அந்த ஆற்றோடு போய்விட்டாள் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பிறகு குசினியில் நிற்பது…

"ஹலோ? கேட்கிறதா? நீங்கள் என்ன முறை?"

அறை வாசல் திரைச்சீலை விலகியது. அவள் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஈர மண் மணத்தது.

"தெரியாது," என்று சொல்லிவிட்டு றொய்சன் போனை வைத்தான்.