ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவே

ஜொவிட்டா தன் நாத்தனார் தேசம்மாவுக்கு முப்பத்தாறாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். வட்டியில்லாத கடன். அதனாலேயே அதிகம் உறுத்தியது. வட்டிக்காரன் மாதத்துக்கு ஒரு முறைதான் வந்து நிற்பான். நாத்தனார், கண்ணில் படும்போதெல்லாம் வந்து நிற்கலாம்.

பதினெட்டாயிரம், பதினெட்டாயிரமாக இரண்டு முறை வாங்கியது. இரண்டும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சைக் கட்டணமாகப் போய்விட்டது. அடையாறில் ஒரு தனியார் மருத்துவமனையில் பத்து வருடமாக அவள் நர்ஸ். அவள் ஊசி போட்டால் குழந்தைகூட அழாது. யார் சிபாரிசும் இல்லாமல் அந்தப் பெயரை எடுத்தவள். லண்டன் பக்கம் ஒரு மருத்துவமனை அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஒரே நிபந்தனை: பரீட்சையில் மற்றதெல்லாம் தேறியது போல எழுத்துப் பகுதியிலும் ஆறரை வாங்க வேண்டும். முதல் தடவை ஆறு வந்தது. இரண்டாம் தடவையும் ஆறு. மே மாதத்துக்குள் ஆறரை வராவிட்டால் அந்த வேலை வேறொருத்திக்கு.

அரை மார்க்குக்காக ஒரு மனுஷி எவ்வளவு அலைய முடியும் என்பதை மயிலாப்பூர் மாட வீதிகளைக் கேட்டால் சொல்லும். வீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் கால் நிற்காது. கையில் சொல் பட்டியலோடு குளத்தைச் சுற்றி நடப்பாள். பிளெதோரா. மிரியட். யுபிக்விட்டஸ். பூக்காரி வழிவிடச் சொன்னாலும் காதில் விழாது. பஸ்ஸில் நிறுத்தம் தவறும். டூட்டியில் மட்டும் எதுவும் தவறாது.

பட்டியல் கொடுத்தவன் தி.நகர் கோச்சிங் சென்டர் வாத்தியார் வெங்கடேஷ். முதல் தடவை தோற்ற பிறகு அவள் கட்டுரை ஒன்றை வகுப்பிலேயே உரக்க வாசித்துக் காட்டினான். நகரத்தில் வாகன நெரிசல் பற்றிய கட்டுரை. "டிராஃபிக் ஹெவி. ரோடு நேரோ. போலீஸ் இன்ஃபார்ம்டு."

"மேடம், இது எஸ்ஸேவா, கேஸ் ஷீட்டா? டிராஃபிக்குக்கு டெம்பரேச்சர் எவ்ளோன்னு எழுதலையே?"

வகுப்பே சிரித்தது. ஜொவிட்டாவும் சிரித்தாள், வேறென்ன செய்வது. பத்து வருடமாக ஒவ்வொரு ஷிஃப்ட் முடிவிலும் அவள் அப்படித்தான் எழுதிவந்தாள். நோயாளி நினைவோடு இருக்கிறார், நாடி சீர், டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அடுத்து வருகிறவளுக்கு அரை நிமிடத்தில் புரிய வேண்டும். அங்கே ஒரு வார்த்தை கூடினால் தப்பு. இங்கே அந்தச் சுருக்கமே மார்க்கைத் தின்றது.

"பெரிய வார்த்தை போடுங்க மேடம், தானா ஏறும்" என்று ஐந்நூறு சொல்லைக் கையில் கொடுத்தான். அவளும் கேஸ் ஷீட்டுக்குள் ஐந்நூறையும் திணித்தாள். டிராஃபிக் யுபிக்விட்டஸ். போலீஸ் மிரியட். ஆறு, ஆறாகவே நின்றது.

மார்ச் கடைசியில் ஒரு காலை, டூட்டிக்குப் போகும் வழியில், நொச்சிக்குப்பத்தில் தேசம்மாவின் மீன் பலகை முன்னால் போய் நின்றாள். தவணை கேட்கத்தான்.

"இன்னாமே, இன்னொரு தபா எழுதப் போறியா?" தேசம்மா தலை நிமிரவில்லை. "ரெண்டு தபா என் காச வஞ்சிரம் மாதிரி முழுங்கிட்டே. மீன்பிடி தடைக்காலம் வருது. போட்டெல்லாம் கடலுக்குப் போவாது. ரெண்டு மாசம் நான் இன்னாத்த துன்றது, உன் இங்கிலீஷையா?"

"இந்தத் தடவை ஃபீஸ் நானே கட்டிட்டேன் அக்கா. ஓவர்டைம் பாத்த காசு. உங்க காசுக்குக் கொஞ்சம் டைம் குடுங்க."

"டைமு குடுத்தா அது குட்டி போடுமா?"

நடுவில் மீன் வாங்க வந்த ஒருவர் குனிந்து, ஐந்தைந்தாகக் குவித்து வைத்திருந்த சங்கரா மீன் கூறு ஒன்றிலிருந்து பெரிய மீனை மட்டும் எடுத்தார். "இது ஒண்ணு போதும்."

"அய்ய, வை சார் கீழ! கூறு ஒடைக்க மாட்டேன். அந்தப் பெருசுக்கு இந்த நாலும் ஜோடி. பெருச நீ தூக்கினு போய்ட்டா மிச்சத்த எவன் தொடுவான்?"

அவர் முனகிக்கொண்டே முழுக் கூறையும் வாங்கிப் போனார். ஜொவிட்டா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பலகையைப் பார்த்தபடி நின்றாள். ஐந்நூறு பெரிய மீனை அவள் தனித்தனியாக எடுத்து வைத்திருந்தாள். கூடப் போகிற சின்ன மீன் ஒன்றுகூட அவளிடம் இல்லை.

"இன்னா மொறைக்கிற? மீனு வேணுமா?"

"வேணாம் அக்கா" என்று ஓடினாள்.

அன்றைக்கே பட்டியலைத் தூக்கிப் போட்டாள். புது நோட்டில் சொற்களைக் கூறு கட்டினாள். 'எவிடென்ஸ்' என்றால் அதன் முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும், அது எந்த வினையோடு சேரும், எதோடு சேராது. டாக்டர்கள் மேஜையில் கிடந்த பழைய மருத்துவ இதழ்களைக் கேட்டு வாங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் பேனா. நாளைக்கு ஆறு கூறு, அதற்கு மேல் இல்லை. ஒவ்வொன்றையும் முழு வாக்கியத்தில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்தது. படித்தவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். வைத்துக்கொள்ளட்டும். பெயர் தெரியாமல் செய்து முடித்தவளுக்கு அது எதற்கு?

ஏப்ரலில் மூன்றாம் தடவை எழுதினாள். ரிசல்ட் வரும்வரை மறுபடி அலைச்சல்தான். கைகழுவும் இடத்தில்கூட ஈரக் கையால் போனைத் தட்டுவாள். ஐந்தாம் நாள், நோயாளிக்குக் கட்டு மாற்றிவிட்டு வெளியே வந்தபோது திரையில் வந்திருந்தது. எழுத்து: ஆறரை.

வராந்தா சுவரில் முதுகைச் சாய்த்தாள். கால் ஒருவழியாக ஓரிடத்தில் நின்றது.

மறுநாளே ராஜினாமா கொடுத்தாள். மாத நோட்டீஸ் முடிந்து, பத்து வருட வேலைக்கான பணிக்கொடை கணக்கில் விழுந்த அன்று நேரே பேங்க், பேங்கிலிருந்து நேரே குப்பம். தடைக்காலம் இன்னும் முடியவில்லை. சின்னப் படகுகள் கரையோரம் பிடித்த கொஞ்சம் நெத்திலியோடு தேசம்மா உட்கார்ந்திருந்தாள்.

"பாஸாயிட்டியாமே? உன் புருசன், என் தம்பிதான் சொன்னான். எனக்குச் சொல்ல உன் வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"காசோட வந்து சொல்லலாம்னு இருந்தேன் அக்கா. ஜிபே பண்ணட்டுமா, கையில தரட்டுமா?"

"ஜிபேவா? அது எங்க ஊட்டுக்காரன் அக்கவுண்டுக்குப் போவும். அங்க போன காசு திரும்புனதா சரித்திரமே கெடையாது. கையில குடு."

தேசம்மா இரண்டு கையையும் முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். செதில் ஒட்டிய வலது கையை விரித்து நீட்டினாள். ஜொவிட்டா மணலில் மண்டியிட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கையில் வைத்தாள். மொத்தம் எழுபத்திரண்டு.