விம்பிள்டனிலிருந்து சவுத்தால்: ஹெரன்ஸ் அணியின் கடைசி ஞாயிறு

லண்டனில் பேஸ்போல் பார்க்க முடியுமா, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று இந்தப் பக்கத்தில் இருவர் கேட்டிருந்தார்கள். முடியும். செலவு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் மட்டும்தான். நானும் அப்பாவும் இந்தக் கோடையில் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் போனோம். அவற்றில் கடைசிப் பயணத்தைப் பற்றி இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்குப் போகும் பாதைதான் விளக்கம் தேவைப்படும் பாதை. அன்று நடந்ததையும் எங்காவது ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் அணியைப் பற்றி. பெயர் வாண்டில் ஹெரன்ஸ். அவர்களுடைய சொந்த மைதானம் விம்பிள்டனிலிருந்து குரோய்டன் போகும் டிராம் பாதையில் இருக்கும் ஒரு பூங்கா. யாருக்கும் சம்பளம் கிடையாது. தலைவர் கெவின் ஒரு மின்சார வேலைக்காரர், மற்றவர்களுக்கும் வேறு வேலைகள். என் அக்கா துவாரகா பல்கலைக்கழகத்தில் இந்த விளையாட்டைப் பழகி, படிப்பு முடிந்ததும் இந்த அணியில் சேர்ந்தாள். எங்கள் பகுதியில் ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக ஆடவிடும் அணி இது ஒன்றுதான்.

ஏப்ரலில் பதினைந்து பேருடன் தொடங்கினார்கள். என் குறிப்புப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் காயங்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். முதலில் ஒருவருக்குத் தோள்மூட்டு. பிறகு ஒருவர் பின்னோக்கி ஓடி முயல் வளையில் கால் வைத்தார், கணுக்கால் போனது. ஜூனில் அக்காவின் இடது கைப் பெருவிரல் எலும்பில் வெடிப்பு. அவள் கட்சர், அதாவது கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர் நிற்கும் இடத்தில் குந்தியிருந்து பந்து பிடிப்பவள். ஜூலையில் ஒருவர் வீட்டுக் கூரையின் மழைநீர்ப் பீலியைத் துப்புரவாக்க ஏறி ஏணியிலிருந்து விழுந்தார். அதை விளையாட்டுக் காயமாக எழுதுவதா என்று யோசித்து, தனிக் கோடு போட்டுக் கீழே எழுதினேன். இன்னும் சிலரும் பட்டியலில் சேர, ஆகஸ்ட் முடிவில் ஆடக்கூடியவர்கள், விரல் ஓரளவு ஆறிய அக்காவையும் சேர்த்து, ஒன்பது பேர். பேஸ்போலுக்கு வேண்டியதும் ஒன்பது பேர்தான்.

கடைசி ஞாயிறு சவுத்தால் பக்கத்துக் கனால்சைட் அணியின் மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள். எங்கள் லீக்கில் கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு அடுத்த வருடம் இடமில்லை. ஹெரன்ஸும் இன்னோர் அணியும் வெற்றிக் கணக்கில் சமமாகக் கடைசியில் இருந்தன. அந்த மற்ற அணி தன் ஆட்டங்களை முடித்துவிட்டது. இரண்டில் ஒன்றை வென்றால் ஹெரன்ஸ் தப்பும். இரண்டையும் தோற்றால் ஓட்டக் கணக்கில் அந்த அணிதான் மேலே, எங்கள் அணி இல்லை. அக்காவுக்குப் போக வேறு இடமும் இல்லை.

காலை 8.50க்கு அக்காவோடு மூவரும் வீட்டிலிருந்து புறப்பட்டோம். நேர்கோட்டில் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் லண்டனில் யாரும் நேர்கோட்டில் போவதில்லை. விம்பிள்டனில் 9.05க்கு டிஸ்ட்ரிக்ட் பாதை ரயில். ஏர்ல்ஸ் கோர்ட்டில் இறங்கி அதே பாதையில் ஈலிங் பிராட்வே போகும் ரயிலுக்கு மாறவேண்டும். நடைமேடையில் ஒளிரும் பலகையைப் பாருங்கள். அம்புக்குறி எந்த ஊருக்கு நேரே எரிகிறதோ அந்த ரயில்தான் அடுத்து வரும். ஈலிங் பிராட்வேயிலிருந்து எலிசபெத் பாதையில் ஏழு நிமிடம், சவுத்தால். நாங்கள் சேர்ந்தபோது 10.06. ஞாயிறு என்பதால் முழு நாளும் குறைந்த கட்டணம். பதினைந்து வயதுக்கான மாணவர் அட்டையில் எனக்கு ஒரு பவுண்டுக்கும் குறைவாகத்தான் போனது.

ஸ்டேஷன் வாசலில் பஸ். அப்பாவுக்கு 1.75, எனக்கு இலவசம். அக்காவின் பையிலிருந்து மட்டைகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த சாரதி, கிரிக்கெட்டா என்று ஆவலாகக் கேட்டார். பேஸ்போல் என்றதும் அவர் முகத்தில் ஒரு சின்ன ஏமாற்றம். அப்பா அவரிடம் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டார். அப்பா கிரிக்கெட்காரர். பதினொரு ஞாயிறும் வந்தார், பதினொரு ஞாயிறும் அதே குறையைச் சொன்னார்: "அடிச்சுப்போட்டு மட்டையை எறிஞ்சிட்டு ஓடுறது என்ன விளையாட்டு?"

பதினொரு நிமிடப் பஸ், பிறகு கால்வாய்க்கரை வழியாக அறுநூறு மீட்டர் நடை. மைதானம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு பூங்காவின் மூலையில் கம்பிவலை, செம்மண், உட்கார இரண்டு வாங்குகள். டிக்கெட் இல்லை, நிழலும் இல்லை. எங்களையும் சேர்த்துப் பார்வையாளர்கள் பதினேழு பேர்.

முதல் ஆட்டத்தை ஹெரன்ஸ் 9-4 எனத் தோற்றார்கள்.

இடைவேளையில் கனால்சைட் முகாமையாளர் என்னிடம் வந்தார். கரோல் என்ற, குரல் கட்டிப்போன ஒரு பெண். ஆட்டக் கணக்கு எழுதும் அவர்களுடைய பதிவாளருக்கு இரண்டு மணிக்கு ஷிப்டாம், போய்விட்டாராம். காலை முழுக்க நான் எழுதிக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறார். இரண்டாவது ஆட்டத்துக்கு அதிகாரபூர்வப் பதிவாளராக இருக்க முடியுமா என்று கேட்டார். என் அக்கா மற்ற அணியில் ஆடுகிறாள் என்று சொன்னேன். அப்படியென்றால் கூடுதல் கவனமாக இருப்பாய் என்று சொல்லி, பென்சிலையும் தாளையும் தந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூலகத்திலிருந்து மூன்று முறை எடுத்துவந்த விதிப் புத்தகம் பைக்குள் இருந்தது.

பேஸ்போலில் ஒன்பது பேரும் ஒரு பட்டியல் வரிசைப்படி துடுப்பெடுக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் பட்டியலை நடுவரிடம் கொடுத்துவிட்டால் வரிசை மாறாது. வருடம் முழுக்க அக்கா நாலாவது, அமீர் என்பவர் ஐந்தாவது. அன்று அக்காவின் விரலை நினைத்துக் கெவின் இருவரையும் இடம் மாற்றியிருந்தார்: அமீர் நாலாவது, அக்கா ஐந்தாவது. பந்து தடுக்கும்போதும் அவளைக் குந்தவிடாமல் தூரத்தில், பந்து அதிகம் வராத பக்கத்தில் நிறுத்தினார்.

மூன்றாவது இன்னிங்ஸில் துடுப்பு வரிசையில் மூன்றாமவரான லூயிஸ் ஓடும்போது தொடைப் பின்தசையைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இப்போது எட்டுப் பேர். எட்டுடன் ஆடலாம், ஆனால் லூயிஸின் முறை வரும்போதெல்லாம் ஓர் அவுட் தானாக விழும். இன்னும் ஒருவர் விழுந்தால் ஆட்டமே முடிந்தது.

அப்பா ஐஸ் வாங்க ஓடினார். பஸ் வந்த தெருவில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. அங்கே ஐஸ் இல்லை. யாருக்கு, எங்கே அடிபட்டது என்றெல்லாம் கடைக்காரர் விசாரித்துவிட்டு, "ஐஸ் முடிஞ்சுது அண்ணை. தேங்காய்ப்பூ இருக்கு, கல்லு மாதிரி," என்றாராம். துருவி உறையவைத்த தேங்காய்ப்பூப் பொட்டலங்கள் இரண்டு, 3.98 பவுண்டு. ஐஸைவிட அது நல்லது என்பதை இங்கே பதிவுசெய்கிறேன்: தட்டையாக இருக்கும், தொடையில் ஒட்டிப் படியும்.

கடைசி, ஏழாவது இன்னிங்ஸ். இந்த லீக்கில் இரண்டாவது ஆட்டத்தில் விருந்தாளி அணிதான் கடைசியாகத் துடுப்பெடுக்கும். கனால்சைட் 6, ஹெரன்ஸ் 5. முதல் இருவரும் நன்றாக அடித்து, ஓடிச் சுற்றவேண்டிய நாலு மூலைகளில், அதாவது பேஸ்களில், இரண்டாவதிலும் மூன்றாவதிலும் நின்றார்கள். இருவரும் துடுப்பெடுத்த இடத்துக்கே ஓடித் திரும்பினால் இரண்டு ஓட்டம், வெற்றி. அடுத்தது லூயிஸின் வெற்றிடம்; ஓர் அவுட் எழுதினேன். அதற்கடுத்தது அமீர்.

அமீர் வலைக்கு அப்பால் லூயிஸின் தொடையில் தேங்காய்ப்பூவை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். கெவின் மூன்றாவது பேஸ் அருகே நின்று ஓட்டக்காரர்களை வழிநடத்திக்கொண்டிருந்தார். அக்கா வருடம் முழுக்கப் பழகிய பழக்கத்தில் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு துடுப்பெடுக்கப் போனாள்.

முறை தவறி ஒருவர் ஆடினால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அவருடைய முறை முடியுமுன் கண்டுபிடித்தால் தண்டனை இல்லை, சரியான ஆள் வந்து தொடரலாம். அவர் அடித்து முடித்த பிறகு, மைதானத்தை விட்டு வெளியேறுமுன் எதிரணி முறையிட்டால், அடித்தது செல்லாது. உண்மையில் ஆடியிருக்க வேண்டியவர் அவுட். அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: பதிவாளர் இதைக் கண்டாலும் எவருக்கும் சொல்லக் கூடாது.

ஒரு வார்த்தை போதும். அதுவும் தமிழில் சொன்னால் அந்த மைதானத்தில் எங்கள் மூவரைத் தவிர எவருக்கும் விளங்காது. முதல் பந்து வந்தது, அக்கா விட்டாள். இரண்டாவதையும் விட்டாள். திரும்பி என்னைப் பார்த்து, "ஏனடி அப்பிடி முழுசுறாய்?" என்று வலையூடாகக் கேட்டாள்.

நான் தாளைப் பார்த்துக் குனிந்தேன். "என்ன பிள்ளை, வெயிலோ?" என்று அப்பா தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அவருக்கும் நான் சொல்லவில்லை.

நாலாவது பந்தை அக்கா அடித்தாள். இந்த வருடத்தில் அவளுடைய மிகச் சிறந்த அடி அது. இடது பக்கத்தில் இரண்டு பேருக்கு நடுவே போய் விழுந்து உருண்டது. இருவரும் ஓடி வந்தார்கள். 7-6. எல்லோரும் அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். கால் இழுத்தபடி லூயிஸும் வந்தார். கிரிக்கெட்காரர் வாங்கின் மேல் ஏறி நின்றார்.

கரோல் மட்டும் தன் ஆட்களை மைதானத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டு, பட்டியலுடன் நடுவரிடம் நடந்தார். நடுவர் என்னிடம் வந்தார். லூயிஸுக்கு அடுத்து யார் ஆடவேண்டும் என்று கேட்டார். பதிவாளர் தானாகச் சொல்லக் கூடாது; நடுவர் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும்.

"அமீர்," என்றேன்.

அடித்தது செல்லாது. ஓட்டங்கள் அழிந்தன, ஓடியவர்கள் பழைய பேஸ்களுக்குத் திரும்பினார்கள். அமீர் அவுட். இரண்டு அவுட்; மூன்றாவதும் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அக்கா வலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அப்போதுதான் நடுவர் அடுத்த பெயரை வாசித்தார். அவுட்டாக்கப்பட்டவருக்கு அடுத்தவர்தான் இனி ஆடவேண்டும். அமீருக்கு அடுத்தது அக்கா. இந்த முறை உண்மையிலேயே அவளுடைய முறை.

அவள் இடது கையுறையைக் கழற்றி, பெருவிரலை ஒருதரம் மடக்கிப் பார்த்து, மறுபடி போட்டாள். மூன்றாவது பந்து. மட்டையின் நுனியில் பட்டுத் தரையோடு உருண்டு நேரே ஒரு தடுப்பாளரின் கைக்குள் போனது. ஆட்டம் முடிந்ததென்று நினைத்தேன். ஆனால் அக்கா ஓடினாள், தலை நிமிராமல் ஓடினாள். தடுப்பாளர் அவசரப்பட்டு எறிந்த பந்து முதல் பேஸ்காரரைத் தாண்டிப் புல்லில் போய்விட்டது. ஒருவர் வந்தார். இரண்டாமவர் செம்மண்ணில் வழுக்கி வந்து சேர்ந்தார். 7-6. இந்த முறை கரோல் பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் 6.20க்கு ஏறினோம். ஈலிங் பிராட்வே நடைமேடையில் அக்கா, "நான் மட்டையை எடுக்கேக்கையே பாத்தனியோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நாலு பந்தும் சும்மா இருந்தனி."

"ஓம்."

அப்பா குறுக்கிட்டு, கிரிக்கெட்டில் இப்படி ஒரு கூத்து இல்லை என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு என் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தவள், கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தாள். அங்கே 'எரர்' என்று எழுதியிருந்தேன். தடுப்பாளரின் பிழையால் கிடைத்தது, அக்காவின் கணக்கில் அடி இல்லை.

"இதையாவது ஹிட் எண்டு எழுத ஏலாதோ? முதலாவதைத்தான் அழிச்சுப்போட்டாய்."

பதிவாளர் தன் தீர்ப்பை மாற்ற இருபத்துநாலு மணிநேரம் உண்டு என்று நான் வாய் தவறிச் சொன்னதுதான் பிழை. வீட்டுக்குப் போகும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த நாள் காலை எனக்கு முட்டை பொரித்துத் தந்தாள். மத்தியானம் என் புத்தக அலுமாரியைத் தூசி தட்டினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிறுகளில் ஆட்டங்கள் நடக்கும். மழை பெய்தால் நடக்காது, ஆகவே புறப்படுமுன் அணியின் பக்கத்தைப் பாருங்கள். மடக்கு நாற்காலி, தொப்பி, சாப்பாடு கொண்டுபோங்கள். இரண்டு ஆட்டங்களுக்கு ஆறு மணிநேரம் ஒதுக்குங்கள். பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு மாணவர் அட்டை இருந்தால் டிராமும் பஸ்ஸும் இலவசம். முக்கியமாக, ஒரு காயத்தைக் கண்டு அந்த அணியை விட்டுவிடாதீர்கள். நான் ஏப்ரலில் வெற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்; ஆகஸ்டில், எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள் என்று எண்ணினேன். இரண்டாவது கணக்குத்தான் எனக்கு அதிகம் பிடித்தது. உங்களை யாராவது பதிவாளராகக் கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் வீட்டாரிடமிருந்து கொஞ்சம் தள்ளியிருங்கள்.

திங்கள் பின்னேரம் நாலே முக்காலுக்கு அந்தக் கடைசிப் பந்தை மறுபடி யோசித்தேன். எறி நேராகப் போயிருந்தால் அக்கா பேஸுக்கு இரண்டு அடி முன்னாலேயே அவுட். 'எரர்' என்றே வைத்துத் தாளைப் படமெடுத்து லீக்குக்கு அனுப்பினேன். அக்கா என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி," என்றாள். "வாற வருஷம் ஒழுங்கா அடிக்கிறன். அப்பவும் நீயே எழுது."

வாற வருஷம் என்று அவள் சொன்னதை நான் உள்ளுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன்.