ஆணியில் தொங்கிய கலண்டர்

இன்று காலை எட்டு இருபதுக்கு நூலகக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் ஆணி. பெயின்ட் அடிக்க வந்தவர் அலமாரிகளை நடுவே தள்ளியிருந்தார். வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் அது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. "இத புடுங்கிடவாங்க?" என்று கேட்டார். "கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

பதுளை நீதிமன்ற வளாகத்தில் நான் சட்ட நூலகர். சட்டத்தரணி அல்ல. இதைச் சொல்லிச் சொல்லியே என் பாதிச் சேவைக்காலம் போய்விட்டது. சுற்றுலா ஊரான எல்லவில் அறை வாடகைக்கு விடும் ஒருவர், வெள்ளைக்காரரின் செருப்பைக் குரங்கு தூக்கிப் போனால் யார் பொறுப்பு என்று கேட்டு வந்தார். இரண்டு அலமாரி தேடினேன். நாயும் மாடும் இருந்தன, குரங்கு அகப்படவில்லை.

அந்த ஆணியில் தொங்கியது பஸார் வீதிப் புடவைக்கடைக் கலண்டர். ஒவ்வொரு டிசம்பரிலும் கடை ஹாஜியார் ஒரு கட்டு கொண்டுவந்து, ஒன்றைத் தானே மாட்டுவார். "இங்க ஆக்கள் வாசிக்கிறது என்ட கலண்டரத்தான்" என்பார். உண்மைதான். மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாளுக்குள் கொடுக்க வேண்டும். தீர்ப்பு நாள், ஞாயிறு, அரச விடுமுறை, அறிவித்தல் கொடுக்கும் நாள் எதுவும் கணக்கில் சேராது. சிவப்பு எண்களைத் தொட்டுத் தொட்டுக் கலண்டரின் ஓரம் கறுத்திருக்கும். தோல் அட்டைத் தீர்ப்புத் தொகுதிகளைத் தொடுவது பெரும்பாலும் என் தூசித் துணிதான்.

ஒரு பிற்பகல் அதன் முன்னால் ஒரு பெண் விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார். பாக்கியம், மடுல்சீமைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். இறந்துபோன கணவர் றோட்டோரம் கட்டிய இரண்டு அறை வீடு, கணவரின் அண்ணனுக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. மேன்முறையீடு செய்ய அன்றுதான் கடைசி நாள் என்பது அவர் கணக்கு. பின்னாலேயே வந்த அவருடைய சட்டத்தரணியின் லிகிதர், இரண்டு நாள் பிந்திவிட்டது என்றார்.

"தோட்டத்துத் திருவிழாவுக்கெல்லாம் கோட்டு லீவு குடுக்காதும்மா."

"பெரட்டு இல்லாத நாளு லீவுதானுங்களே?"

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு மாரியம்மன் திருவிழாவின் இரண்டு நாளும் நடக்கவில்லை. அதனால் அந்த இரண்டையும் அவர் விட்டிருந்தார். அப்படியானால் இடையில் வந்த போயா தினத்தை, பௌர்ணமிக்கான அரச விடுமுறையை, என்ன செய்தார் என்று கேட்டேன்.

"அன்னைக்குப் பெரட்டு இருந்துச்சுங்க ஐயா. கொழுந்து எடுத்தேன். அத எண்ணிட்டேன்."

அறிவித்தல் கொடுக்கும் அன்றைய நாளையும் எண்ணியிருந்தார். சேர்க்க வேண்டியது இரண்டு, கழிக்க வேண்டியதும் இரண்டு. அன்றுதான் கடைசி நாள்.

மணி இரண்டு முப்பத்தைந்து. மூன்று மணிக்குப் பிறகு பதிவகம் அறிவித்தலை ஏற்காது. ஒருபோதும் வேகமாக நடந்திராத அந்த லிகிதர், சட்டத்தரணியைத் தேடி ஓடினார். பாக்கியத்துக்கு நாற்காலி போட்டேன். "உக்காந்தா எந்திரிக்க மாட்டேங்க" என்று நின்றபடியே இருந்தார். இரண்டு ஐம்பத்தாறுக்கு முத்திரை விழுந்தது. மடுல்சீமை பஸ் போயிருக்கும் என்பதுதான் அதன் பிறகு அவர் சொன்னது.

சில வருடங்களில் வீடு அவருக்கே என்று வந்தது. வீட்டுச் சுவருக்கென்று ஒரு கலண்டர் கேட்டார். அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரும் வந்து, ஹாஜியாரின் கட்டிலிருந்து ஒன்றை வாங்கிப் போவார்.

ஹாஜியார் இப்போது இல்லை. மகன் கலண்டர் அடிப்பதை நிறுத்திவிட்டார். லிகிதர்கள் நாட்களைக் கைபேசியில் எண்ணுகிறார்கள். பெயின்ட் அடிப்பவர் மறுபடியும் கேட்டார். புடுங்குங்க என்றேன்.

போன டிசம்பரிலும் பாக்கியம் வந்தார். கொடுக்கக் கலண்டர் இருக்கவில்லை.