ஆல்மாவின் நீல வால்

துவைக்கப் போட்ட கணவனின் சட்டையில் வினிகர் வாசம் அடித்தபோது ஆர்டிஸ் டோலெஃப்சனுக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. கோடையில் வெர்லினின் சட்டையில் அந்த வாசம் வருவது வழக்கம்தான். குதிரைப் போட்டி நடக்கும் கவுண்டி கண்காட்சி நெருங்க நெருங்க, வீட்டு வெள்ளைக் குதிரை ஆல்மாவின் வாலை அவன் வினிகர் கலந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருப்பான். சட்டையை மெஷினுக்குள் திணித்து மூடியைச் சாத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இந்த வாரம் ஆல்மாவின் வாலை யாரும் கழுவவே இல்லை.

வெர்லின் கொல்லை வழியாக உள்ளே வந்து குளிர்பெட்டியைத் திறந்தான்.

"எங்க போயிட்டு வர்ற?"

"ஜனீன் வீட்டுக்கு."

"அங்க என்ன வேலை?"

"அவ குதிரை இருக்குல்ல, கேப்டன். வாலு மஞ்சள் புடிச்சு, புகையிலை துப்பின மாதிரி கெடக்கு. பாவம், எவ்வளவு சோப்பு போட்டும் போக மாட்டேங்குது."

"பாவமா?"

"வாலைச் சொன்னேன்."

சொல்லிவிட்டு ஊறுகாய் பாட்டிலை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டான். ஆர்டிஸ் மெஷினைச் சுழல விட்டு, அதன்மேல் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். மெஷின் அதிர்ந்ததா, அவள் அதிர்ந்தாளா என்று சொல்ல முடியாது.

ஜனீன் ப்ரோஹாஸ்கா அந்த வசந்தத்தில்தான் மில்வாக்கி நகரத்திலிருந்து வந்து பக்கத்துப் பண்ணையை வாங்கியிருந்தாள். புருஷன் இறந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்ன வயதிலிருந்தே குதிரை வளர்க்க ஆசையாம். வந்ததும் வெண்ணெய் நிறத்தில், வெள்ளைப் பிடரியும் வெள்ளை வாலுமாக ஒன்றை வாங்கிவிட்டாள். வாங்கும்போது வெள்ளையாக இருந்த வால் லாயத்துச் சாணியிலும் மூத்திரத்திலும் புரண்டு மஞ்சளானபோதுதான், வெள்ளை வால் என்பது என்ன பாடு என்று அவளுக்குத் தெரிந்தது. யாரைக் கேட்கலாம் என்று விசாரித்திருக்கிறாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்.

வெர்லினுக்கு அப்படி ஒரு கை. முப்பது வருஷம் பால் கறக்கும் மெஷின்களைப் பிரித்து மாட்டிய விரல்கள். வாலுக்குச் சீப்பே போட மாட்டான். நுனியிலிருந்து ஆரம்பித்து, விரலாலேயே இழை இழையாகச் சிக்கெடுப்பான். சோப்பு, வினிகர், பிறகு ஒரு பக்கெட் தண்ணீரில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலம் கொஞ்சம். அதில் முக்கி உடனே எடுத்து அலசிவிடுவான். காய்ந்ததும் பின்னி, பழைய படுக்கை விரிப்பில் தைத்த பைக்குள் போட்டுக் கட்டிவிடுவான். கண்காட்சியன்று காலையில் அவிழ்த்து உதறினால், புதுப்பனி விழுந்த வயல் மாதிரி இருக்கும்.

அந்த வால்தான் ஆர்டிஸின் பெருமை. அவள் நெஞ்சில் குத்திய முள்ளும் அதுதான். இரண்டையும் அவள் யாரிடமும் பிரித்துச் சொன்னதில்லை.

மூன்று பெண்களில் நடுப்பெண் அவள். அக்கா சுடும் ஆப்பிள் 'பை' பலகாரத்தைப் பற்றி அப்பா சர்ச் முழுக்கப் பேசுவார். தங்கை பாட வாயெடுத்தால் வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். "ஆர்டிஸா? நல்லா உழைப்பா" என்பார். மாட்டைப் பற்றியும் அவர் அப்படித்தான் சொல்வார். வளர்ந்து, கல்யாணமாகி, பள்ளிப் பேருந்து ஓட்ட ஆரம்பித்தாள். பனியில் சறுக்கும் மேட்டுச் சாலைகளில் ஊரார் பிள்ளைகளைச் சுமந்து போய், ஒரு கீறல் இல்லாமல் திரும்பக் கொண்டுவந்து விட்டாள். அதையும் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

ஆல்மாவைக் கருஞ்சாம்பல் குட்டியாக வாங்கினாள். வயது ஏற ஏற அது வெளுத்து முழு வெள்ளையானது. அதை நடத்தவும் ஓட்டவும், சொன்ன இடத்தில் நாலு காலையும் சதுரமாக ஊன்றி நிறுத்தவும் பழக்கியவள் அவள். கண்காட்சியில் கையில் கயிற்றைப் பிடித்து நடத்திக் காட்டும் போட்டிக்கு வருஷா வருஷம் போவாள். முதல் பரிசான நீல ரிப்பனோ இரண்டாம் பரிசான சிவப்பு ரிப்பனோ வாங்குவாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்.

"அடேயப்பா, அந்த வாலைப் பாரு!"

வெர்லின் வேலியோரம் நின்று தொப்பியைத் தொட்டுக்கொள்வான்.

இப்போது அந்த வாலுக்கே பங்காளி வந்துவிட்டாள்.

அடுத்த வாரம் கடைக்குப் போகும் சாக்கில் ஆர்டிஸ் ஜனீன் வீட்டு வழியாக வண்டியை மெதுவாக விட்டாள். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டில் வெர்லின் உட்கார்ந்திருந்தான். கேப்டனின் வால் அவன் மடியில் விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஜனீன் ஐஸ் டீ கிளாசுடன் நின்றாள். அவன் பேசிக்கொண்டிருந்தான். வீட்டில் காலையில் "காப்பி இருக்கா", ராத்திரி "கதவைச் சாத்திட்டியா" என்பதோடு பேச்சை முடித்துக்கொள்கிற மனுஷன், கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். ஜனீன் சிரித்தாள்.

கடைக்குப் போனதும் ஆர்டிஸுக்கு எதற்கு வந்தோம் என்பதே மறந்துவிட்டது. ஒரு பெட்டி உப்பு மட்டும் வாங்கி வந்தாள்.

"இந்த வருஷம் ஆல்மா வாலை நானே பாத்துக்கறேன்" என்றாள் சாப்பாட்டு மேசையில்.

வெர்லின் உருளைக்கிழங்கை மென்று விழுங்கினான். "சரி."

அவன் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கூட ஆறியிருக்கும். அந்தச் 'சரி'யில்தான் அவளுக்கு முழுசாக எரிந்தது.

கண்காட்சிக்கு முந்தின நாள் மத்தியானம். கண்காட்சித் திடலில், குதிரைக் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்ட் போட்ட கழுவும் இடத்தில் இரண்டு குழாய்கள். ஒன்றில் ஆல்மாவைக் கட்டிவைத்து ஆர்டிஸ் கழுவிக்கொண்டிருந்தாள். இன்னொன்றில் கேப்டனின் பின்னால் வெர்லின். கேப்டன் ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஜனீன் அதன் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள்.

அடுத்த லாயத்துக்காரி லவோன், ஆர்டிஸின் சித்தப்பா மகள், வேலியில் சாய்ந்து நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"உன் ஆளு அந்தப் பக்கம் கழுவறான், நீ இந்தப் பக்கம் கழுவற. என்ன, சண்டையா?"

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்பறம் அந்தப் பக்கெட்டை ஏன் அந்த உதை உதைக்கிற? அது என்ன பண்ணிச்சு?"

"லவோன், உனக்கு வேலை இல்லையா?"

"இதைவிடவா?"

எதிரே கேப்டனின் வால் வெயிலில் காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. மஞ்சளின் சுவடே இல்லை. ஆர்டிஸ் ஆல்மாவின் வாலைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளைதான். ஆனால் எதிரே இருப்பது இன்னும் வெள்ளை. நீல பாட்டிலை எடுத்தாள். பக்கெட்டைத் தேடப் பொறுமையில்லை. மூடியைத் திருகி, ஈர வாலின் மேலேயே சாய்த்து ஊற்றினாள். கொஞ்சம் ஊற்றினாள், எதிரே பார்த்தாள், இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"கொஞ்ச நேரம் ஊறட்டும். நல்லாப் புடிக்கும்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பொரித்த பாலாடைக்கட்டி வாங்க வரிசையில் போய் நின்றாள். அங்கே பேருந்தில் வரும் பிள்ளை ஒருத்தனின் அம்மா பிடித்துக்கொண்டு, புது ஆசிரியையைப் பற்றி ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

திரும்பி வந்தபோது கழுவும் இடத்தைச் சுற்றிச் சின்னக் கூட்டம். யாரோ போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆல்மா நிம்மதியாக வாலை வீசிக்கொண்டிருந்தது. கத்தரிப்பூ நிறத்தில் ஆரம்பித்து, நுனியில் மைக்கூட்டில் முக்கியது போல் முடிந்திருந்தது அந்த வால்.

லவோன்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நீல ரிப்பன் குடுக்க மாட்டாங்கன்னு நீயே ஒண்ணு கட்டிவிட்டுட்டியா?"

கூட்டம் சிரித்தது. ஆர்டிஸ் கையிலிருந்த பாலாடைக்கட்டியை அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டாள். குழாயைத் திறந்து அலசினாள். பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். சிமெண்டில் நீலத் தண்ணீர் ஓடியதே தவிர, வாலில் நீலம் குறைந்த பாடில்லை. முழங்கை வரை அவள் கையும் நீலமாகிவிட்டது.

வெர்லின் வந்து பக்கத்தில் நின்றான். அவன் சிரிக்கவில்லை.

"நான் பாக்கட்டுமா?"

"போ. போய் உன் கேப்டன் வாலைப் பாரு."

"அது முடிஞ்சுது."

"அப்ப அந்தம்மாகிட்டப் பேசிட்டிரு. அங்க போனா மட்டும் வாய் இருக்குல்ல உனக்கு?"

அவன் திரும்பிப் போனான். பிறகு ஜனீன் வந்தாள், கையில் ஒரு ஷாம்பூ பாட்டிலுடன். ஆர்டிஸ் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது கறை எடுக்குமாம். வேணும்னா போட்டுப் பாருங்க."

"வேண்டாம்."

ஜனீன் பாட்டிலைத் தரையில் வைத்தாள். "உங்க வீட்டுக்காரர் என் குதிரைக்கு ரொம்ப உதவி பண்ணார். ஆனா ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. மனுஷன் வாயைத் தொறந்தா பால் மெஷின்தான். எந்தப் பண்ணையில எந்த வால்வு எப்படிப் பழுதாச்சுன்னு எனக்கு இப்ப மனப்பாடம். நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் கேட்டீங்களோ!"

தமாஷாகத்தான் சொன்னாள். ஆர்டிஸுக்கு அது வேறு விதமாகப் போய்த் தைத்தது. ஒரு வால்வைப் பற்றியும் அவன் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மறுநாள் காலை போட்டி. பின்வாங்கிவிடலாம் என்று லவோன்கூடச் சொன்னாள். ஆர்டிஸ் வெள்ளைச் சட்டையைப் போட்டாள், பூட்ஸைத் துடைத்தாள், நீல வால் ஆட ஆட ஆல்மாவை நடத்திக்கொண்டு உள்ளே போனாள். அரங்கப் பலகைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. காது மடல் சுட்டது. ஆல்மாவின் கழுத்தோரம் நின்று, எதிரே இருந்த நடுவரை மட்டும் பார்த்தாள்.

அவர் வெளி மாநிலமான அயோவாக்காரர், தொப்பி வைத்த ஒல்லி மனிதர். ஒவ்வொருவராக நடந்து காட்டச் சொன்னார். ஜனீனின் முறை வந்தபோது, பாலாக வெளுத்த வாலோடு கேப்டன் பக்கவாட்டில் நடனமாடி, அவள் காலை மிதித்து, கடைசியில் நடுவருக்கு முதுகைக் காட்டி நின்றது. ஆர்டிஸின் முறை வந்தது. அவள் நடந்தாள், ஆல்மா நடந்தது. ஓடினாள், ஓடியது. நின்றாள். நாலு காலும் ஒரே தடவையில் சதுரமாக ஊன்றின. கயிற்றை அவள் இழுக்கக்கூட இல்லை.

நடுவர் பின்பக்கம் சுற்றி வந்து நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது என்னம்மா?"

"நீலம் அதிகமாயிடுச்சு."

"எவ்வளவு போட்டீங்க?"

"கோவம் தீர்ற வரைக்கும்."

அவர் மீசைக்குள் சிரித்தார். "சுத்தத்துக்கும் மார்க் உண்டு. இதுக்கு நான் ஒண்ணும் போட முடியாது. ஆனா ஒண்ணு. இன்னிக்கு இங்க குதிரையை இவ்வளவு அழகா நிறுத்தினது நீங்க ஒருத்தர்தான். வாலைப் பாக்காம இருந்தா முதல் பரிசு உங்களுக்குத்தான்."

ஐந்தாவது இடம் கிடைத்தது. இளஞ்சிவப்பு ரிப்பன். அதுவரை அந்த நிறத்தில் ஒன்று அவள் வீட்டுக்கு வந்ததில்லை.

லாயத்தில் வெர்லின் வைக்கோலை ஒதுக்கிக்கொண்டிருந்தான். "நடுவர் என்னமோ பேசினாரே, என்ன?"

அவள் ஆல்மாவின் கயிற்றை அவிழ்த்தாள். அவன் மறுபடி கேட்டான். இரண்டாம் தடவை கேட்க வைத்ததில் அவளுக்கு ஒரு திருப்தி. பிறகுதான் சொன்னாள், ஒரு வார்த்தை விடாமல்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதானே" என்றான் அவன்.

"தெரிஞ்சதா? ஒரு நாள் சொல்லியிருக்கியா? எல்லாரும் வாலைப் பாரு, வாலைப் பாருன்னாங்க. நீ தொப்பியைத் தொட்டுட்டு நின்ன. கயித்தைப் புடிச்சிருக்கறவளை எவனும் பாக்கல."

வெர்லின் வைக்கோல் வாரும் கவைக்கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, ஆர்டிஸ். பொய் சொல்ல மாட்டேன். பண்ணை பண்ணையா மூடிட்டுப் போயிட்டாங்க, இப்ப மெஷின் ரிப்பேருக்கு யாரு கூப்பிடறா? ஜனீன் போன் பண்ணிக் கேட்டா. கூப்பிட ஒரு ஆள் இருக்கேன்னு போனேன். வேற ஒண்ணும் இல்ல."

"நான் கேட்டா செய்ய மாட்டியா?"

"நீ எப்பக் கேட்ட? 'வால் அழுக்காயிருக்கு'ன்னுட்டுப் போவ. நான் கழுவுவேன்."

அவள் நீலம் படிந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இந்த வாலைக் கொஞ்சம் பாத்துக் குடு" என்றாள். இன்னும் ஒரு சொல் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. "தயவு பண்ணி."

நீலம் போக இலையுதிர்காலம் ஆகிவிட்டது. இருவருமாகத்தான் கழுவினார்கள், அவன் விரலால் பிரிக்க, அவள் தண்ணீர் ஊற்ற. ஒரு சாயங்காலம் அவளே, "அந்த வால்வு விஷயம் என்ன?" என்று கேட்டுத் தொலைத்தாள். இருட்டும் வரை சொன்னான். ஜனீன் சொன்னது சரிதான், தாங்க முடியவில்லை. ஆனாலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

செப்டம்பரில் ஜனீன் போன் செய்தாள். இந்தத் தடவை வெர்லினுக்கு அல்ல. கேப்டனுக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று ஆர்டிஸைக் கேட்டாள். முதலில் நேரமில்லை என்றாள் ஆர்டிஸ். மறுநாள் தானே கூப்பிட்டு வருகிறேன் என்றாள். கற்றுக்கொடுக்கும் ஆசை பாதி. வெர்லின் வாலைப் பார்க்க அங்கே போகும்போது தானும் கூட இருக்கலாம் என்பது மீதிப் பாதி. பொறாமை அவளை விட்டுப் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பேருந்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நேரே அங்கே போவாள். முதல் வாரம் கேப்டன் அவள் தொப்பியைக் கடித்தது. அடுத்த வாரம் அவளைக் கண்டதும் வேலிக்கு ஓடி வந்தது. ஜனீன் ஐஸ் டீயுடன் நின்று, "எனக்கு இப்படி ஒரு தடவைகூட நின்னதில்ல" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள்.

"நிக்கும், நிக்கும்" என்றாள் ஆர்டிஸ், அவசரமே இல்லாமல்.