நான் தலையாட்டிய வீடு

அந்தமானில், அபர்டீன் பஜாரில் மீன் விற்கும் வங்காளிக்கு என் பெயர் தெரியாது. இருபது வருடத்துக்கு மேலாக அவரிடம்தான் மீன் வாங்குகிறேன். அவருக்கு நான் ‘மதராஸி’. ஆந்திராவிலிருந்து வந்த என் சக ஊழியரும் அவருக்கு மதராஸி, கொல்லத்திலிருந்து வந்த நர்ஸம்மாவும் மதராஸி. நான் தீவுக்கு வந்த முதல் வாரம் அவர் என்னைப் பார்த்து, “கஹான் ஸே?” என்று கேட்டார். “சென்னை சைடு” என்றேன். “அச்சா” என்று சொல்லிவிட்டுச் செதில் சுரண்ட ஆரம்பித்தார். நான் அடுத்த கேள்விக்காக நின்றேன். அவர் மீனைக் கட்டி முன்னால் வைத்தார். அப்போதும் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, “அவுர் குச்?” என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்கிறார். ஒன்றும் வேண்டாம் என்று வேகமாக நடந்து, பஸ் ஏறி, நான் குடியிருந்த லம்பா லைன் வந்து இறங்கிய பிறகுதான் மீனை அங்கேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

என் மாதிரி ஆட்கள் நான் எந்தக் கேள்விக்காக நின்றேன் என்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் எந்த ஊர் என்று கேட்பது ஊரைத் தெரிந்துகொள்ள அல்ல. ஊர் பெயரைச் சொன்னால் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் யார் வகையறா, எந்தச் சாமி கும்பிடுவீர்கள் என்று போகும். போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், சொன்னவன் முகத்திலிருந்து அது போய்விடும். பாலிடெக்னிக் முடித்து ஒரு கட்டடக் கான்டிராக்டரிடம் வேலை பார்த்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுக் காம்பவுண்டை அளக்கப் போயிருந்தோம். டேப்பின் ஒரு முனை என் கையில் இருந்தது. வீட்டுக்காரர் விசாரித்துக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் எங்கள் இன்ஜினியரைத் தனியே கூப்பிட்டார். இன்ஜினியர் திரும்பி வந்து, “தம்பி, நீ கேட்டுக்கு வெளிய நின்னு அளவு எழுதிக்க” என்றார். திட்டவில்லை, விரட்டவில்லை. நல்ல மனிதர்தான், எனக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். நான் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே யாரோ கத்திச் சொன்ன அளவுகளை எழுதினேன். அந்தச் சுவர் எவ்வளவு நீளம் என்று இன்று கேட்டாலும் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் அந்தமான் வேலை விளம்பரம் கண்ணில் பட்டது. ஹேடோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் வரைவாளர் பணி. கூடப் படித்தவர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை. கடல் தாண்டி எவன் போவான் என்றார்கள். நான் கடலைத்தான் எதிர்பார்த்தேன்.

வந்த புதிதில் என் மேலதிகாரி பிஸ்வாஸ் என்னோடு பட்ட பாடு தனிக் கதை. அவர் ஏதாவது சொல்வார், நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் சொல்லும் எல்லாவற்றையும் மறுக்கிறாயே, வேலை பிடிக்கவில்லையா என்று கேட்டார். சார், அது ஆமாம் என்று விளக்கினேன். விளக்கும்போதும் தலையை ஆட்டினேன். “ஹாங் போலோ, பாபா, ஹாங்” என்று கெஞ்சினார். வாயைத் திறந்து ‘ஹாங்’ சொல்ல அன்று பழகினேன். அவர் ஓய்வுபெற்று, எங்கள் குவார்ட்டர்ஸ் மதிலை ஒட்டிச் சொந்த வீடு கட்டி, இப்போது எங்கள் அடுத்த வீட்டுக்காரர். இன்றைக்கும் நான் தலையாட்டினால் சிரிப்பார்.

தீவைச் சொர்க்கம் என்று எழுத வரவில்லை. அலுவலகப் பலகையில் ஒருமுறை பணிமூப்புப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் பெயருக்கு எதிரே பிரிவு என்று ஒரு கட்டம் உண்டு. வங்காளிகள், தெலுங்கர்கள் எல்லாம் தங்கள் பெயர் எத்தனையாவது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரே ஒரு தமிழ் நண்பர் மட்டும் என் கட்டத்தைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அவருக்கு வயிறு சரியில்லை. என் டிபன் பாக்ஸிலிருந்து எடுப்பதை நிறுத்திவிட்டார். அதற்கு முன்பு தினமும் பாதி மீன் வறுவல் அவருக்குத்தான் போகும் என்பதால் எனக்கு லாபம். மூன்று நாள் கப்பலில் வந்த பிறகும் சிலரிடம் அது கெடாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் மனைவி ராணி, தெற்கே கச்சால் என்ற தீவில் பிறந்தவள். அவள் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். எங்களுக்கு ஒரே மகள், தேன்மொழி. தீவில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ‘தேனு’. தீவின் இந்திதான் அவளுக்குத் தெரு மொழி, பள்ளி மொழி, சண்டை மொழி. இந்தத் தீவுகளில் பழங்குடிப் பட்டியல் உண்டு, பட்டியல் சாதி என்று ஒரு பட்டியல் கிடையாது. ஆகவே அவளுக்குச் சான்றிதழ் வாங்க என் பழைய காகிதங்களோடு திண்டிவனம் போய் அலைந்தேன். பதினைந்து வயதில் அதைப் பார்த்துவிட்டு, “இது என்னப்பா?” என்றாள். ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொன்னேன். ஃபாரத்தில் கேட்டால் எழுத வேண்டும், வேறு எங்கும் சொல்ல வேண்டாம் என்றேன். “ஏன்?” என்றாள். “வேண்டாம்” என்றேன். நான் அவளுக்கு நடத்திய பாடம் அவ்வளவுதான். அது போதாது என்று எனக்குத் தெரியும். கடல் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டேன்.

சென்ற வருடம் அவள் தேர்வெழுதி, நேர்முகம் முடித்து, சென்னையில் பொறியாளராக வேலை வாங்கினாள். நான் கேட்டுக்கு வெளியே நின்று அளவு எழுதியவன், அவள் உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போடப் போகிறவள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவளோ, “டென்ஷன் மத் லோ, அப்பா”, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிப் பெட்டி கட்டினாள். வீடு பார்த்துக் கொடுக்க நாங்கள் இரண்டு பேரும் கூடப் போனோம்.

மூன்றாவதாகப் பார்த்த வீடு பிடித்திருந்தது. மாடிப் பகுதி, வேப்பமரம், நடந்து போகிற தூரத்தில் ரயில். கீழே வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, மனைவியோடு இருந்தார். எங்களை உட்காரவைத்து மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். பிறகு ஆரம்பித்தார்.

“சாருக்கு எந்த ஊர்?”

“அந்தமான்.”

“அது உத்தியோகம் பாக்குற ஊரு. சொந்த ஊரு?”

“திண்டிவனம்.”

“திண்டிவனமேவா?”

“பக்கத்துல.”

“பக்கத்துலன்னா?”

இருபத்தைந்து வருடம் பயிற்சி விட்டுப் போயிருந்தும் வாய் தடுமாறவில்லை. எங்கள் ஊரைச் சொல்லாமல் மூன்று மைல் தள்ளி இருக்கும் இன்னொரு ஊரைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, அங்க நம்ம ஆளுங்கதானே ஜாஸ்தி! என் மச்சினிய அங்கதான் குடுத்திருக்கு” என்றவர் தன் சாதியின் பெயரைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. எழுதினால் ‘நாங்கள் எல்லாரும் அப்படியா’ என்று கேட்டுக் கடிதம் வரும், அதுவும் நியாயம்தான். “நீங்களும் நம்மவங்கதானே?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“தப்பா நினைக்காதீங்க சார். பொம்பளப் புள்ள தங்கப் போறா. நாலும் விசாரிச்சுத்தான் விடணும்” என்று சாவியை என் கையில் கொடுத்தார். ராணி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டம்மா காபி கொண்டுவந்தார். அந்த நேரத்தில் தேன்மொழி என் பக்கம் சாய்ந்து, சாதாரணக் குரலில், இந்தியில் பேசினாள்.

“அப்பா, ஹம் தோ எஸ்.சி. ஹைங் நா? ஜூட் க்யோங் போல் ரஹே ஹோ?”

நாம் எஸ்.சி.தானே, ஏன் பொய் சொல்கிறீர்கள் என்று கேட்கிறாள். தீவில் இந்தி எல்லாருக்கும் தெரியும், அதில் ரகசியம் பேச முடியாது. சென்னையில் அதுவே எங்கள் குடும்பத்தின் ரகசிய மொழி. ஆட்டோவில், கடையில் எல்லாம் அப்படித்தான் பேசிக்கொண்டு வந்தோம். அந்தத் தைரியத்தில் நானும் இந்தியிலேயே, “சுப் ரஹோ”, பேசாமல் இரு என்றேன். காபி நன்றாக இருந்தது.

வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். “மேல பாத்ரூம்ல ஒரு லீக் இருக்கு சார், சொல்ல மறந்துட்டேன். சரி பண்ணிட்டு நானே கூப்பிடுறேன்” என்று கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். லீக்கெல்லாம் பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று வழிநெடுக உளறிக்கொண்டு கேட் வரை போனேன். அவர் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டே, “கோயீ பாத் நஹீங், பாய் சாப்” என்றார். பரவாயில்லை என்கிறார். எங்கள் தீவு இந்தியைவிடச் சுத்தமான இந்தி.

தேன்மொழி முன்னால் நடந்தாள். நான் ஓடிப்போய் அவளைப் பிடித்து, வீடு கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தேன் என்றேன். அவள் நிற்கவில்லை.

“ஒரு தலையத்தானேப்பா ஆட்டுனீங்க. மூணு பேருக்கும் சேத்து ஏன் ஆட்டுனீங்க?”

ஆட்டோ பிடித்தோம். பாதி வழியில் ராணி, “அந்த வீட்டுல காத்தே இல்லீங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “லீக்கு நெசமாவே இருக்கும் புள்ள. செவுரு ஓதமா இருந்திச்சு” என்றாள். “அம்மா, ப்ளீஸ்” என்றாள் தேன்மொழி. இரண்டு நாள் கழித்து அவளை ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டுக் கப்பல் ஏறினோம். வீடு தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். நீங்கள் வர வேண்டாம் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.

அதன் பிறகு வந்த வாரங்களில் எங்கள் போன் பேச்சு இப்படி இருந்தது: சாப்பிட்டியா. ம். மழையா. இல்ல. அம்மாகிட்ட குடுங்க. பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் தினமும் மகளுக்கு வீடு கிடைத்ததா என்று கேட்பார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் நடந்ததைச் சொல்லிவிட்டேன். சாதிக்காக வீடு தரவில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க இரண்டு டீ ஆயிற்று. கடைசியில், “அரே, மதராஸில் மதராஸிக்கே வீடு இல்லையா?” என்றார். நான் தலையாட்டினேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

போன மாதம் ஒரு மாலை அவளே வீடியோ காலில் வந்தாள். பின்னால் ஒரு பச்சைச் சுவர். வீடு கிடைத்துவிட்டது என்றாள். நாலு வீட்டில் போகும்போதே தானாகச் சொல்லிவிட்டாளாம். நாலு வீட்டிலும் ஏதோ ஒரு ரிப்பேர். ஐந்தாவது வீட்டம்மா, ஓய்வுபெற்ற டீச்சர், “அத நான் கேட்டனா? தண்ணி மோட்டார் போட்டா கால் மணி நேரத்துல நிறுத்தணும். அதுக்கு ஒத்துக்கிறியா, அதச் சொல்லு” என்றாராம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்த தைரியத்தில், அன்றைக்கு அந்த வங்கிக்காரருக்கு இந்தி தெரியும் என்று யாருக்குத் தெரியும் என்று நானே பேச்சை எடுத்தேன்.

“எனக்குத் தெரியும்” என்றாள். “அவர் பின்னாடி ஷெல்ஃப்ல ஃபேர்வெல் ஷீல்டு இருந்துச்சு. நாக்பூர் பிராஞ்ச். பூரா இந்தில எழுதியிருந்துச்சு. நீங்க பாக்கலியா?”

நான் பார்க்கவில்லை. நான் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“தெரிஞ்சுதான் பேசினியா?”

“அவருக்குக் கேக்கணும். ஆனா தமிழ்ல சொன்னா அவர் வீட்டம்மா முன்னாடி உங்களுக்கு ஒரு மாதிரி ஆகும்ல.”

 இந்தப் பெண்ணையா நான் கடலைக் காட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

அவள் அதற்குள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். “அப்பா, அக்ரிமென்ட்ல பர்மனென்ட் அட்ரஸ் கேக்குறாங்க. லம்பா லைன் போட்டுடவா?”

“அது குவார்ட்டர்ஸ்மா. நான் ரிட்டயர் ஆனா காலி பண்ணணும்.”

“அப்ப?”

சொன்னேன். என் அண்ணன் இப்போது இருக்கும் வீட்டின் கதவு எண், பிறகு காலனி, பிறகு ஊர் பெயர், மூன்று மைல் தள்ளி இருப்பதல்ல, எங்கள் ஊர். அவள் எண்ணி நாலு தடவை போன ஊர். நான் போய்த் தங்கி வாழ முடியுமா என்று எனக்கே தெரியாத ஊர். அவள் ஒவ்வொரு சொல்லாகத் தட்டெழுதினாள். “அப்பா, உங்க மூஞ்சியே தெரியல. ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?” என்றாள். மணி ஆறு. அவளுக்கும் ஆறுதான். தீவு கிழக்கே தள்ளி இருப்பதால் இங்கே கடல் அதற்குள் இருட்டிவிட்டது. எழுந்து போய் சுவிட்சில் கை வைத்தேன்.

“சரியான்னு பாருங்க, படிக்கிறேன்” என்றாள். அறைக்குள் வேறு யாரோ நடமாடும் சத்தம் கேட்டது, அந்த டீச்சராக இருக்கும். தேன்மொழி கதவு எண்ணிலிருந்து ஆரம்பித்து, பள்ளியில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல, உரத்த குரலில் படித்தாள். மெதுவா பேசு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது.