கவுத்து வெச்ச கப்புங்க

எங்க அக்காவுக்குப் பாம்புக் காது. செராமிக் கம்பெனியில, சூளையிலேருந்து எறங்குற கப்பை ஒவ்வொண்ணா எடுத்து விரல் முட்டியால தட்டிப் பாக்குறதுதான் அவ வேலை. டிங்குன்னு கேட்டா நல்ல கப்பு, நிமித்தி வெப்பா. டொக்குன்னா உள்ள விரிசல், கண்ணுக்குத் தெரியலைன்னாலும் கவுத்து வெச்சிடுவா. ஒருத்தர் கவுத்ததை இன்னொருத்தர் நிமித்துறது கெடையாது, அது ஒடைக்கத்தான் போவும். இந்தப் பழக்கத்துல வூட்டுல கூட டம்ளரைக் கவுக்க விட மாட்டா. கழுவுனா சாய்ச்சுத்தான் வெக்கணும்.

நான் கீபோர்டு வாசிக்கிறவ. சர்ச்சுல கத்துக்கிட்டு, அப்புறம் போனுல ஜாஸ் கேட்டுக் கேட்டுப் பைத்தியமாயிட்டேன். அக்காவுக்கு அது ஆவாது. சுதி பெசகுனதை எல்லாம் பாட்டுன்னு சொல்றியேன்னு திட்டுவா. அவளுக்குப் பாட்டுன்னா பால் மாதிரி இருக்கணும், ஒரு தூசு விழக்கூடாது, அவ பாடுறதும் அப்படித்தான். ஆனா நான் ஒரு இசை நாடகம் எழுதுனப்ப, சூளைக்காரன் பொண்டாட்டி வேஷத்துக்கு அவளைத் தவிர யாரும் மனசுல வரலை. கல்யாண பேண்டு செட்டுலேருந்து ட்ரம்பெட்காரரும் டிரம்காரரும் வந்தாங்க. ஒத்திகை பாக்க கம்பெனி முதலாளி, மங்கலம்பேட்டை பாய், தன்னோட குடோனையே தொறந்து விட்டாரு.

குடோன் முழுக்க ரேக்குல கப்பு. மொத நாளு கடைசிப் பாட்டுல அக்கா உச்சி சுரத்தைப் புடிச்சு நின்னா, நாங்க வாசிக்கிறதை நிறுத்துனோம். அவ வாயை மூடுன பிறவும் சத்தம் அடங்கலை. ரேக்குல இருந்த கப்பெல்லாம் மெல்லிசா முனகிக்கிட்டு இருந்துச்சு. சுரம் ஒத்துப்போனா பாத்திரம் அதிரும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒடம்பு சிலுத்துக்கிச்சு. நாடகம் இப்படித்தான் முடியணும்னு அங்கேயே முடிவு பண்ணேன்.

கொஞ்ச நாள் போயி, அந்த முனகலைக் கேட்டுட்டு அக்கா மொகம் மாறுச்சு. அதுல ஒண்ணு டொக்குன்னு பேசுதுன்னா. எங்க யார் காதுக்கும் கேக்கலை. ஆனா அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எல்லாருமா ஒக்காந்து ரேக்கு ரேக்கா தட்டிப் பாத்தோம். எல்லாம் டிங்கு. மறுபடி பாடுனா, மறுபடி டொக்கு. பாய் அந்த லோடையே ஏத்தி அனுப்பிட்டுப் புதுக் கப்பு எறக்குனாரு, அதுலயும் டொக்கு. ட்ரம்பெட்காரரு வாசல்ல எலுமிச்சம்பழம் கட்டுனாரு. ஊறுகாயாவது போடுங்கய்யான்னு நான் கேலி பண்ணேன். அன்னைக்குச் சாயங்காலம் போனுல பதிஞ்சதை ஹெட்செட் மாட்டிக் கேட்டேன். முனகலுக்கு அடியில ஏதோ ஒண்ணு மந்தமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஹெட்செட்டைக் கழட்டி வெச்சுட்டேன்.

அடுத்த ஒத்திகையில அக்கா பாதியில நிறுத்திட்டு, விரல் முட்டியால தன்னோட தொண்டையையே தட்டுனா.

"நாம குடுக்குறதைத்தானே கப்பு திருப்பிக் குடுக்கும்? விரிசல் இங்க இருக்குதுடி."

கிறுக்கு புடிச்சிருக்குதான்னு கத்துனேன். கத்திட்டு மறுநாளே பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா குழாய் விட்டுப் பாத்தாங்க. கொரல் நரம்புல கட்டி. எடுத்துடலாம், உசுருக்கு ஒண்ணும் பயமில்ல, கொரலுக்கு மட்டும் நான் பொறுப்பு சொல்ல முடியாதுன்னாங்க. அக்கா என்னைத் திரும்பிக் கூடப் பாக்கலை.

ஆபரேஷன் முடிஞ்சு, பேசவே கூடாதுன்னு வூட்டுக்கு அனுப்புனாங்க. டீ குடிச்ச கப்பைக் கழுவி, அக்கா அலமாரியில கவுத்து வெச்சா. டம்ளரைக் கூடக் கவுக்க விடாதவ அவ. எடுத்து நிமித்தி வெச்சேன். காலையில கவுந்து கெடந்துச்சு. ஏன்க்கா இப்படிப் பண்றன்னு கேட்டா, நான் இல்லைன்னு தலையை ஆட்டுறா. வூட்டுல நாங்க ரெண்டு பேருதான். திரும்ப நிமித்துனேன், திரும்பக் கவுந்துச்சு. அப்புறம் அந்த அலமாரிப் பக்கமே நான் போவலை.

டாக்டரம்மா பேசலாம்னு சொன்ன அன்னைக்கு வந்த கொரலு, ஆத்து மணலைத் தரையில இழுத்த மாதிரி இருந்துச்சு. வேஷத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கன்னு அதுலயே சொன்னா. நான் கேக்கலை. கையைப் புடிச்சுக் குடோனுக்கு இழுத்துட்டுப் போனேன். பேண்டு வாசிச்சுச்சு, அந்த எடம் வந்ததும் நிறுத்துனோம். அக்கா வாயைத் தொறந்தா. கொரலு ரெண்டாப் பொளந்துச்சு. ரேக்குல ஒரு கப்பு கூட முனகலை. அவ கண்ணைத் தொடச்சிக்கிட்டு செருப்பை மாட்டுனா.

அப்பத்தான் எங்க முதுகுப் பக்கம் சத்தம் வந்துச்சு. மூலையில, ஒடைக்கிறதுக்குன்னு கவுத்துப் போட்டிருந்த கப்புக் குவியல்லேருந்து. கரகரன்னு, நெஞ்சுச் சளியோட முனகுற மாதிரி. விரிசல் வுழுந்த கப்பு முனகி நாங்க யாரும் கேட்டதில்ல. ட்ரம்பெட்காரரு வாசலுக்கு ஓடிட்டாரு.

அக்கா மட்டும் அந்தக் குவியல்கிட்டப் போயி குந்துனா. கீழ்க் கொரல்ல, பொளந்தது பொளந்தபடியே பாடுனா. எல்லாம் சேந்து பதில் சொல்லுச்சு. பயத்துலயே என் கை கீபோர்டுல நாலஞ்சு கட்டையைச் சேத்து ஒரு கார்டா அமுக்குச்சு. அவ திட்டுன அதே ஜாஸ் கார்டு, அந்தக் கொரலுக்கு அப்படியே பொருந்துச்சு. அவ நிறுத்தலை.

பாடி முடிச்சுட்டு, குவியல்லேருந்து ஒரு கப்பை எடுத்துத் தரையில நிமித்தி வெச்சா. தட்டிப் பாக்கலை.