பெரட்டுக் களத்தில் ஒரு மடக்கு

முதலில் வந்தது கொட்டாவி. தூக்கமில்லாத கொட்டாவி. பிறகு கண்ணீர், மூக்கொழுகல். கைகளில் மயிர்க்கால் ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. நமுனுகுல மலைப் பனிதான் காரணமென்று என் மனைவி லட்சுமி கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பனி இல்லை. குளோரடைன் போத்தல் காலியாகியிருந்தது.

தேயிலைக் கொழுந்து லொறி சரிந்து என் கால் முறிந்தபோது பதுளை ஆஸ்பத்திரியில் மோர்பின் (அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்து) ஊசி போட்டார்கள். வலி போனது. ஊசி நின்ற பிறகும் உடம்பு அதைத் தேடியது. கடைவீதியில் வயிற்றுவலிக்கு விற்ற குளோரடைனிலும் (அபின்சத்து கலந்த சொட்டு மருந்து) அதே நிழல் இருப்பதை உடம்பே கண்டுபிடித்தது. இரண்டு மழைக்காலம் அந்த நிழலில் கிடந்தேன். வேலைக்குப் போகாத நாட்கள் கூடின. பேரை வெட்டினால் தோட்டம் தந்த லயக் காம்பராவும் (வரிசை வீட்டு அறை) போய்விடும் என்றார் கங்காணி (வேலையாட்களை மேய்ப்பவர்).

லட்சுமி என்னை மறுபடி பதுளைக்கு இழுத்துப் போனாள். அங்கிருந்த யாழ்ப்பாணத்து டாக்டர், மெதடோன் தரலாம் என்றார். நெடுநேரம் நிதானமாக வேலைசெய்து நடுக்கத்தை அடக்கும் திரவம்.

“அதுவும் அபின் சாதிதானுங்களே?” என்றாள் லட்சுமி.

“ஓம். உடைஞ்ச காலுக்குப் பலகை வச்சுக் கட்டினதுதானே? இதுவும் அப்பிடித்தான். பொருந்தினாப் பிறகு மெல்ல மெல்லக் கழட்டுவம்.”

ஒரே கட்டளை: தினமும் ஒருவர் கண்முன்னே குடிக்க வேண்டும். தினமும் பதுளைக்குப் போனால் வேலை போய்விடும். ஆகவே போத்தல் தோட்டத்து டிஸ்பென்சரிடம் (மருந்து கலந்து கொடுப்பவர்) வந்தது. அவர் இடம் குறித்தார்: பெரட்டுக் களம். விடியலில் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்பும் அதே இடம். என் பேர் வருவதற்குச் சற்று முன்னால் ஊற்றித் தருவார்.

கூசிப்போனேன். கொழுந்துக் கூடைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வரும்.

“என்னண்ணே, தீர்த்தம் ஆச்சா? எங்களுக்கும் ரெண்டு சொட்டு தெளிங்க.”

மருந்தைக் கன்னத்தில் ஒதுக்கிச் சேர்த்துவைத்து ஒரே நாளில் குடித்தால் பழைய நிழல் முழுதாகத் திரும்பிவரும். மனம் அப்படித்தான் யோசிக்கும். ஒரு காலை ஒதுக்கியும் விட்டேன்.

“மாரிமுத்து!” கங்காணி.

வாய் நிறைய மருந்து. பதில் சொல்லாதவனுக்கு அன்று வேலையில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். வரிசை திரும்பிப் பார்த்தது. தீர்த்தம் கேட்டவளும் சிரிக்கவில்லை. லட்சுமி கூடைக்கயிற்றைப் பிடித்தபடி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் எங்கள் காம்பராவும் தொங்கிக்கொண்டிருந்தது.

விழுங்கினேன்.

“இருக்கேங்க.”

டிஸ்பென்சர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு மூடியைத் திருகினார். ஏன் அந்த இடம், ஏன் அந்த நேரம் என்று அப்போதுதான் விளங்கியது.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவு குறையும்போதெல்லாம் கால் உதைக்கும், கொட்டாவி எட்டிப்பார்க்கும். டாக்டரிடம் சொல்லுங்கள், பொறுத்துக் குறைப்பார். யாராவது பார்க்கக் குடிப்பதில் கூச்சம் வேண்டாம். பார்க்கிற கண்கள் எல்லாம் கேலிக்கண்கள் அல்ல.

போத்தல் நின்று வருடங்கள் ஆகின்றன. அன்று என் காலம் ஒரு போத்தலிலிருந்து அடுத்த போத்தலுக்கு ஓடியது. இன்று விடியலில் தொடங்கி மலையோடு மெல்ல ஏறுகிறது. ஆனால் யாராவது என் பேரைக் கூப்பிட்டால் தொண்டைதான் முதலில் அசைகிறது. ஒன்றுமில்லாத ஒரு மடக்கு. அதை விழுங்கிய பிறகே குரல் வருகிறது.